கோடைப் பயணத்தில் இன்சுலின்: ஆபத்து வெப்பத்திலா, பனிக்கட்டியிலா?

ஜூலை மாதத்தில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் லண்டன், பாரிஸ், டொரொன்டோ போன்ற நகரங்களிலிருந்து சென்னைக்கும் கொழும்புக்கும் செல்லும் விமானங்கள் தமிழ்க் குடும்பங்களால் நிறைவது வழமை. அவர்களில் கணிசமானோரின் கைப்பைகளில் இன்சுலின் குப்பிகளோ, இன்சுலின் பேனாக்களோ இருக்கும். தெற்காசிய வம்சாவளியினருக்கு நீரிழிவு நோய் ஏனையோரைவிட அதிகமாகவும், இளைய வயதிலும் ஏற்படுகிறது என்பது பிரிட்டன் போன்ற நாடுகளில் நீண்டகாலமாக அறியப்பட்ட விடயம்.

இன்சுலினைப் பயன்படுத்துவோர் அனைவரும் அறிந்த ஒரு விதி, அதனை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும் என்பதாகும். மருந்துப் பெட்டியிலேயே அது அச்சிடப்பட்டிருக்கிறது. 35 டிகிரியைத் தாண்டும் வெயிலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வாகனத்தில் பயணிக்க வேண்டியவர்கள், அந்த விதியை மனதில் கொண்டு உடனடியாக நாடுவது பனிக்கட்டியை. வீட்டு ஃப்ரீசரில் இரவு முழுவதும் வைத்த ஜெல் பொதிகளுக்கு நடுவே இன்சுலினைச் செருகி, அதனை இறுக மூடிய பையில் எடுத்துச் செல்வது பரவலான பழக்கமாக இருக்கிறது.

ஆனால் மருத்துவ ரீதியில் பார்த்தால், இந்தப் பாதுகாப்பு ஏற்பாடே இன்சுலினை முற்றாகப் பாழாக்கிவிடக்கூடும்.

விதி சொல்வதும் சொல்லாததும்

பெட்டியில் காணப்படும் 2 முதல் 8 டிகிரி என்ற அளவு, திறக்கப்படாத இன்சுலினை அதன் காலாவதித் திகதி வரை, அதாவது பல மாதங்களுக்குச் சேமித்து வைப்பதற்கானது. பயன்பாட்டில் இருக்கும் குப்பிக்கோ பேனாவுக்கோ அந்த நிபந்தனை கிடையாது. பெரும்பாலான இன்சுலின் வகைகளைத் திறந்த பின்னர் அல்லது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த பின்னர், வகைக்கு ஏற்ப 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பநிலையில் நான்கு வாரங்கள் வரை பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர்களே துண்டுப் பிரசுரத்தில் குறிப்பிடுகின்றனர். சில வகைகளுக்கு ஆறு வாரங்கள், டெக்லுடெக் எனப்படும் நீண்டநேரம் செயற்படும் இன்சுலினுக்கு எட்டு வாரங்கள் என்று கூட அந்தக் கால எல்லை நீள்கிறது.

மூன்று வார விடுமுறைக்குச் செல்லும் ஒருவர் தன் கையில் உள்ள இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே இதன் பொருள். அவர் செய்ய வேண்டியது, அது 30 டிகிரியை வெகுவாகத் தாண்டிச் சூடாகாமலும், எந்த நிலையிலும் உறைந்துவிடாமலும் பார்த்துக்கொள்வது. இந்த இரண்டில் முதலாவது குறித்து எல்லோரும் கவலைப்படுகின்றனர். இரண்டாவதைப் பற்றிக் கவலைப்படுவோர் குறைவு.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாகப் பிணைந்து, குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்து நிற்கும்போது மட்டுமே அது உடலில் வேலை செய்யும். வெப்பம் ஏற ஏற அந்த மடிப்புகள் தளர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நுண்ணிய நார்களாக மாறத் தொடங்குகின்றன. குலுக்கல் இதனை விரைவுபடுத்துகிறது. எனினும் இது பொதுவாக மெதுவாக நடைபெறும் செயல். 32 டிகிரியில் ஒரு பிற்பகல் கழிந்துவிட்டதால் மருந்து வீணாகிவிடுவதில்லை.

உறைதல் அவ்வாறானதல்ல. பனிப் படிகங்கள் உருவாகும்போது புரதத்தின் அமைப்பு குலைகிறது. பால் போன்று கலங்கலாக இருக்கும் இடைநிலை இன்சுலின்களிலும் கலப்பு இன்சுலின்களிலும் உள்ள நுண்துகள்கள் கட்டியாகிவிடுகின்றன. பின்னர் எவ்வளவு நன்றாக உருட்டிக் கலந்தாலும் ஒவ்வொரு ஊசியிலும் ஏறும் மருந்தின் அளவு வேறுபடும். அவித்த முட்டை மீண்டும் பச்சை முட்டை ஆகாது என்பதைப் போல, ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பின் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பார்வைக்கு அது வழமை போலவே தோன்றலாம் என்பதுதான் சிக்கல். அதனால் ஒருமுறை உறைந்த இன்சுலினை எந்தக் காரணத்தைக் கொண்டும் பயன்படுத்தக் கூடாது என்பதில் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே நிலைப்பாட்டில் உள்ளனர்.

வீட்டு ஃப்ரீசர்களின் வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி. அதிலிருந்து எடுத்த ஜெல் பொதியை இன்சுலின் குப்பியின் கண்ணாடியோடு ஒட்டி வைப்பவர், அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த அளவைவிட 20 டிகிரி குளிரான ஒரு பொருளை அதன் மீது வைக்கிறார்.

குளிர்சாதனப் பெட்டியையும் முழுமையாக நம்புவதற்கில்லை. பெர்லினின் ஷாரிட்டே பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வாளர்கள், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 388 நீரிழிவு நோயாளர்களின் இன்சுலினோடு வெப்பநிலை உணரிகளை வைத்து ஆராய்ந்த முடிவுகளை 2018ஆம் ஆண்டு வெளியிட்டனர். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த இன்சுலின், நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் பரிந்துரைக்கப்பட்ட அளவுக்கு வெளியே இருந்தது. உணரிகளில் 17 சதவீதமானவை பூச்சியத்துக்குக் கீழான வெப்பநிலையைப் பதிவு செய்திருந்தன. மாறாக, மக்கள் தம்மோடு எடுத்துச் சென்ற இன்சுலின் அதற்கான எல்லையைத் தாண்டியிருந்தது நாளொன்றுக்குச் சுமார் எட்டு நிமிடங்கள் மாத்திரமே. மின்வெட்டுகள் இல்லாத நாடுகளின் நிலை இது.

ஊரில் உறவினர் வீடுகளில் உள்ள பழைய வகைக் குளிர்சாதனப் பெட்டிகளில், மேற்பகுதியிலுள்ள ஃப்ரீசர் அறையின் அடிப்பரப்பைத் தொட்டபடி இருக்கும் பொருட்கள் உறைந்துவிடுவது புதிதல்ல. அத்தகைய பெட்டிகளில் இன்சுலினுக்குப் பாதுகாப்பான இடம் கதவில் உள்ள தட்டு அல்லது கீழே காய்கறி வைக்கும் பகுதி. தங்கும் விடுதிகளின் சிறு குளிர்சாதனப் பெட்டிகளோ, அறைச் சாவி அட்டையை உருவியதும் அணைந்துவிடக்கூடும்.

எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும்?

இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்களிடையே ஒரே பதில் இல்லை. அதில் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் ஆய்வும் உண்டு.

புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சாதாரண இன்சுலினையும் கலப்பு இன்சுலினையும் 5, 26, 32, 37 டிகிரி ஆகிய வெப்பநிலைகளில் 28 நாட்கள் வைத்துச் சோதித்து, 2009ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். 5 டிகிரியிலும் 26 டிகிரியிலும் வைக்கப்பட்டவற்றின் வீரியம் குறையவில்லை. 32, 37 டிகிரிகளில் வைக்கப்பட்டவை 28ஆவது நாளில் 14 முதல் 18 சதவீத வீரியத்தை இழந்திருந்தன. தமிழகக் கடற்கரையின் சாதாரண கோடை நாள் ஒன்றின் வெப்பநிலையே 32 டிகிரி என்பதை நோக்கினால், இது அலட்சியப்படுத்தக்கூடிய முடிவு அல்ல.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த மற்றோர் ஆய்வு வேறு விதமாகக் கூறியது. கென்யாவின் வடபகுதியில் உள்ள டடாப் அகதி முகாம்களில் பணியாற்றும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் ஒரு நடைமுறைச் சிக்கலை எதிர்கொண்டனர். முகாமில் குடும்பங்களிடம் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. ஆகவே நோயாளர்கள் ஊசி போட்டுக்கொள்வதற்காகவே நாள்தோறும் மருத்துவமனைக்கு நடந்து வர வேண்டியிருந்தது. முகாம் வீடுகளுக்குள் வெப்பநிலை இரவில் 25 டிகிரிக்கும் பகலில் 37 டிகிரிக்கும் இடையே ஊசலாடுவதை அவர்கள் அளந்தனர். அதே ஏற்ற இறக்கத்தை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உருவாக்கி, பல வகை இன்சுலின்களை நான்கு வாரங்கள் வைத்துப் பார்த்தனர். 2021ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, வீரிய இழப்பு ஒரு சதவீதத்துக்கு மேற்படவில்லை.

இரு ஆய்வுகளும் முற்றிலும் ஒரே விடயத்தை அளக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரியில் இன்சுலின் இரவு பகலாக ஒரே வெப்பத்தில் இருந்தது. ஜெனீவாவில் இரவின் தணிவும் கணக்கில் எடுக்கப்பட்டது. உலகெங்குமுள்ள மருத்துவ ஆய்வுகளை மதிப்பீடு செய்யும் கொக்ரேன் அமைப்பு, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, நம்பிக்கை தரும் பக்கமே சாய்ந்தது. திறக்கப்படாத மனித இன்சுலின் குப்பிகளை 25 டிகிரி வரை ஆறு மாதங்களும், 37 டிகிரி வரை இரண்டு மாதங்களும் குறிப்பிடத்தக்க வீரிய இழப்பின்றி வைத்திருக்க முடியும் என்பது அதன் முடிவு.

இதற்கு ஓர் அரசியல் பரிமாணமும் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி எல்லா வீடுகளிலும் இருக்கிறது என்ற அனுமானத்தில், குளிர் நாடுகளின் நிறுவனங்கள் எழுதிய விதிமுறை ஒன்று, மின்சாரமே இல்லாத மக்களுக்கும் அப்படியே பொருத்தப்பட்டது. அதன் விலையை டடாப்பின் நோயாளர்கள் தினசரி நடையாகச் செலுத்தினர். மின்சாரம் உள்ள இடங்களிலும் நிலைமை எப்போதும் உறுதியானதல்ல. இலங்கையில் பொருளாதார நெருக்கடி உச்சத்தை எட்டிய 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீடித்தது.

ஆனால் இந்த முடிவுகளை வைத்துக்கொண்டு பயணிகள் துணிந்து இன்சுலினை வெயிலில் விட்டுவிடலாம் என்று கருதுவது தவறாகும். ஆய்வுகள் பேசுவது 37 டிகிரி வரை. அதற்கு அப்பால் அவை எந்த உறுதியும் அளிக்கவில்லை. வெயிலில் நிறுத்தப்பட்ட காரினுள் ஏற்படும் வெப்பம் அந்த எல்லைக்கு வெகு அப்பால் செல்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கடும் கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உட்புறம் சராசரியாக 47 டிகிரியையும், ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள டாஷ்போர்டு 69 டிகிரியையும் எட்டியது. கோவிலிலோ கடைத்தெருவிலோ இறங்கும்போது மருந்துப் பையைக் காரிலேயே விட்டுச் செல்வது, பயணத்தில் இன்சுலின் கெடுவதற்கு மிக எளிதான வழி.

மண்பானையின் இயற்பியல்

பனிக்கட்டி இல்லாமல் குளிரூட்டும் வழி தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. மண்பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பானைக்குள் இருப்பது குளிர்கிறது. நீர் புகாத, மூடியுள்ள சிறு டப்பாவில் இன்சுலினை இட்டு, ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் வைத்து, நிழலில் காற்றோட்டமான இடத்தில் வைப்பது மின்சாரமில்லாத பல நாடுகளில் இன்றும் கடைப்பிடிக்கப்படும் முறை. இந்த முறையில் இன்சுலின் உறைவதற்கு வழியே இல்லை.

கடைகளில் கிடைக்கும் ஃப்ரியோ போன்ற பயண உறைகள் இதே தத்துவத்தைப் பயன்படுத்துபவை. வேல்ஸ் நாட்டில் தயாராகும் இந்த உறைக்குள் நீரை உறிஞ்சும் படிகங்கள் உள்ளன. சில நிமிடங்கள் நீரில் ஊறவைத்தால் அவை ஜெல்லாகப் பருத்து, பின்னர் மெல்ல ஆவியாகியபடி இருக்கும். சுற்றுப்புறம் சுமார் 38 டிகிரியாக இருந்தாலும் உள்ளே 26 டிகிரிக்கு மேற்படாமல் 45 மணி நேரம் வைத்திருக்கும் என்று தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். இதனை ஃப்ரீசரில் வைக்கத் தேவையில்லை என்பதால், பேருந்திலும் ரயிலிலும் நாட்கணக்கில் பயணிப்பவர்களுக்கு இது வசதியானது.

ஆனால் விளம்பரங்கள் அதிகம் வலியுறுத்தாத ஒரு விடயம் உண்டு. ஆவியாதலால் கிடைக்கும் குளிர்ச்சி, காற்றில் உள்ள ஈரப்பதத்தைப் பொறுத்தது. வெப்பம் 40 டிகிரியாகவும் ஈரப்பதம் 20 சதவீதமாகவும் உள்ள வறண்ட உள்நாட்டுப் பகுதியில், ஆவியாதல் மூலம் ஏறக்குறைய 22 டிகிரி வரை இறங்க இயலும். வெப்பம் 34 டிகிரியாகவும் ஈரப்பதம் 70 சதவீதமாகவும் உள்ள கடற்கரையிலோ, அந்த எல்லை 29 டிகிரி. எனவே டெல்லியில் மே மாதத்தில் சிறப்பாக வேலை செய்யும் உறை, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் அவ்வளவு குளிர்ச்சியைத் தராது. உறையை மேலும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ளோ, பெட்டியின் அடியில் துணிகளுக்கு நடுவிலோ வைத்தால் ஆவியாதல் நின்று, அது வெறும் ஈரப் பையாகிவிடும். காற்றுப் படும்படி வைக்க வேண்டும். ஆயினும் 29 டிகிரி என்பதே பயன்பாட்டில் உள்ள பல இன்சுலின்களுக்குப் போதுமானது. 25 டிகிரிக்கு மேற்படக் கூடாது என்று குறிக்கப்பட்ட வகைகளுக்கு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும்.

அவ்வாறான வகைகளுக்கும், திறக்கப்படாத பல மாத இருப்பை எடுத்துச் செல்வோருக்கும் குளிர்பெட்டி தேவைப்படலாம். அப்போதும் ஜெல் பொதியை ஃப்ரீசரில் அல்லாமல் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண தட்டில் குளிரவைப்பது பாதுகாப்பானது. உறைந்த பொதியைத் தவிர்க்க முடியாவிட்டால், அதனைத் தடித்த துவாயில் சுற்றி, இன்சுலினுக்கும் அதற்கும் இடையே மேலும் ஒரு தடுப்பு இருக்கச் செய்ய வேண்டும். வெந்நீர் பிளாஸ்கும் உதவும். குளிர்ந்த நீரை ஊற்றிச் சற்று நேரம் வைத்து, பின்னர் கொட்டித் துடைத்துவிட்டு இன்சுலினை உள்ளே வைத்து மூடினால், ஒரு பகல் பயணத்துக்குத் தாங்கும்.

விமானத்தில்

இன்சுலினை எப்போதும் கைப்பையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பொதிகள் வைக்கப்படும் பகுதியின் வெப்பநிலைக்கு உத்தரவாதம் இல்லை. பொதி தொலைந்தாலோ, வளைகுடா நாடொன்றின் ஓடுபாதையருகே ஆகஸ்ட் வெயிலில் காத்திருந்தாலோ அதன் விளைவு நோயாளியைத்தான் சேரும்.

2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி முறியடிக்கப்பட்டதைத் தொடர்ந்து 100 மில்லிலீட்டர் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபோதும், பயணத்துக்குத் தேவையான மருந்துகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இன்சுலின், ஊசிகள் ஆகியவற்றின் தேவையை உறுதிப்படுத்தும் மருத்துவரின் கடிதத்தை வைத்திருந்தால் சோதனையில் தாமதம் குறையும். விமானத்தின் உட்புறம் குளிரூட்டப்பட்டிருப்பதால், பத்து மணி நேரப் பறப்பில் இன்சுலினுக்கு எந்தத் தனி ஏற்பாடும் தேவையில்லை. அக்கறையோடு அதனைப் பணியாளர்களிடம் கொடுத்து ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்வதைத்தான் தவிர்க்க வேண்டும்.

கெட்டுவிட்டதை அறிவது

தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால், அல்லது கலங்கல் இன்சுலினில் கட்டிகளோ, குப்பியின் சுவரில் பனி படிந்தது போன்ற வெண்மையோ தென்பட்டால் அதனை ஒதுக்கிவிட வேண்டும். ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியாமலே வீரியம் குறைந்திருக்கலாம். அப்போது இரத்தச் சர்க்கரை மட்டுமே சாட்சி.

இங்குதான் தாயகப் பயணங்களுக்கே உரிய ஒரு மயக்கம் ஏற்படுகிறது. சர்க்கரை அளவு ஏறினால், நேற்றைய கல்யாணச் சாப்பாடும் சித்தி வற்புறுத்தித் தந்த பாயசமும்தான் காரணம் என்று எல்லோரும் எளிதில் முடிவு செய்துவிடுகின்றனர். மருந்தின் மீது சந்தேகம் எழுவதில்லை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு அது சில நாட்களின் அவதியாக முடியலாம். உடலில் இன்சுலினே சுரக்காத முதல் வகை நீரிழிவு உள்ள சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும், செயலிழந்த இன்சுலின் ஓரிரு நாட்களுக்குள் இரத்தம் அமிலமாகும் உயிராபத்தான நிலைக்கு இட்டுச் செல்லக்கூடும். காரணமின்றி இரண்டு மூன்று வேளை சர்க்கரை உயர்ந்தே இருந்தால், உணவை ஆராய்வதற்கு முன்னர் புதிய குப்பியை அல்லது பேனாவைத் திறந்து பார்ப்பதே மருத்துவர்கள் கூறும் வழி. வாந்தியோ மூச்சிரைப்போ சேர்ந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதற்கு எதிரான ஆபத்தும் உண்டு. வெப்பத்தில் தோலின் இரத்த ஓட்டம் அதிகரிப்பதால் ஊசி மூலம் ஏறிய இன்சுலின் விரைவாக உறிஞ்சப்பட்டு, சர்க்கரை திடீரெனத் தாழலாம். ஆகவே வெப்பமான நாட்களில் வழமையைவிட அடிக்கடி பரிசோதிப்பது அவசியமாகிறது. பரிசோதனைப் பட்டைகளும் வெயிலில் கெடக்கூடியவையே என்பதால், அவற்றையும் இன்சுலினோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

மாற்று மருந்து வாங்கும்போது

தேவையைப் போல் இரு மடங்கு இன்சுலினை இரண்டு தனித்தனிக் கைப்பைகளில் பிரித்து எடுத்துச் செல்வோருக்கு, உள்ளூரில் வாங்கும் தேவை பெரும்பாலும் எழாது. எழுந்தால், இந்தியாவில் கவனிக்க வேண்டிய முக்கியமான வேறுபாடு ஒன்று உள்ளது. பிரிட்டன், ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய இடங்களில் குப்பி இன்சுலினில் ஒரு மில்லிலீட்டருக்கு 100 யூனிட் இருப்பதே நியமம். இந்திய மருந்தகங்களிலோ ஒரு மில்லிலீட்டருக்கு 40 யூனிட் கொண்ட குப்பிகள் பரவலாக விற்பனையாகின்றன. அவற்றுக்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறம். 100 யூனிட் வகைக்கு ஆரஞ்சு நிறம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஆரஞ்சு மூடி சிரிஞ்சில், இந்தியாவில் வாங்கிய 40 யூனிட் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலில் ஏறுவது 8 யூனிட் மட்டுமே. வெளிநாட்டுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20 கோடு வரை எடுத்தால், ஏறுவது 50 யூனிட். இரண்டாவது தவறு உயிரைப் பறிக்கக்கூடியது. பேனாக்களிலும் அவற்றின் கார்ட்ரிட்ஜுகளிலும் இந்தியாவிலும் பெரும்பாலும் 100 யூனிட் அளவே இருப்பதால், அவசரத்தில் அவற்றை வாங்குவது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுவதால், மருந்தின் பொதுப் பெயர் எழுதப்பட்ட மருந்துச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

விடுமுறை முடிந்து திரும்பியவர்கள், மீதமுள்ள இன்சுலினை மீண்டும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதால் அதன் நாட்கணக்கு புதிதாகத் தொடங்கிவிடாது. வெளியே எடுத்த திகதியைப் பெட்டியின் மீது பேனாவால் எழுதி வைத்திருந்தால், எதை எப்போது வீசிவிட வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது.